சர்வர் ரேமை முழுதாகப் பயன்படுத்துவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

சர்வர் மெதுவாக ஓடினால் பலரும் முதலில் சொல்வது, "இன்னும் கொஞ்சம் ரேம் போட்டுவிடலாம்" என்பதுதான். அளந்து பார்க்காமல் வாங்கிய ரேம் பெரும்பாலும் சும்மா கிடக்கும், மெதுவும் அப்படியே இருக்கும். ஏனென்றால் டேட்டாபேஸுக்கு எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் ராத்திரி ஓடும் பேக்கப் பகலில் தேவைப்படும் கேஷை (வேகத்துக்காக ரேமில் எடுத்து வைத்த தரவை) தள்ளிவிட்டிருக்கும். அதனால் அளப்பது, பங்கு பிரிப்பது, வாங்குவது என்ற வரிசையிலேயே இந்தக் கட்டுரை போகிறது.

மதுரையை எடுத்துக்கொண்டால், கப்பலூர் சிட்கோவில் ஒரு தொழிற்சாலை, தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடை, வடபழஞ்சியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனம், ஒரு பொறியியல் கல்லூரி லேப் என்று எங்கே சர்வர் இருந்தாலும் முறை ஒன்றுதான். எடுத்துக்காட்டாக 32 ஜிபி ரேம் உள்ள ஒரு லினக்ஸ் சர்வரை வைத்துக்கொள்வோம். பில்லிங், சரக்கிருப்பு எல்லாம் அதில்தான். மரியாடிபி (டேட்டாபேஸ்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி நிரல்களை ஓட்டுவது), ரெடிஸ் (ரேமிலேயே தரவை வைப்பது) மூன்றும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் எண்களைப் படிக்கப் பழகுங்கள்

"ஃப்ரீ -எம்" என்று அடித்தால் எம்பி கணக்கில் ஒரு அட்டவணை வரும். புதியவர்களின் கண் "ஃப்ரீ" என்ற பத்திக்குத்தான் போகும். அங்கே 300 என்று இருந்தால் பதறிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கடைசிப் பத்தியான "அவைலபிள்". யாரும் கேட்காத ரேமை லினக்ஸ் சும்மா விட்டுவைப்பதில்லை. டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை அதிலேயே வைத்துக்கொள்ளும். இதற்குப் பேஜ் கேஷ் என்று பெயர். ஒரு புரோகிராம் ரேம் கேட்டால் இந்தக் கேஷை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே ஃப்ரீ 300, அவைலபிள் 14,000 என்றால் அந்த சர்வருக்கு ரேம் பிரச்சினை இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "டிராப் கேஷஸ்" கோப்பில் 3 என்று எழுதிக் கேஷைக் காலிசெய்து, அதை மணிக்கு ஒரு முறை கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் சேவையில்) ஓடவிடச் சொல்லும் யோசனை எங்கும் பரவியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். அது ஓடிய அடுத்த நொடியிலிருந்து எல்லாக் கோப்பையும் மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். ஃப்ரீ பத்தியில் எண் பெரிதாகும், சர்வர் மெதுவாகும். சோதனைக்காக ஒரு முறை பயன்படுத்தலாமே தவிர அன்றாடத்துக்கு அது ஆகாது.

கேஷ் எல்லாமே விட்டுக்கொடுக்கக்கூடியது என்றும் நினைத்துவிட வேண்டாம். "ஷேர்டு" பத்தியில் உள்ள எண் பெரும்பாலும் டிஎம்பிஎஃப்எஸ் எனப்படும் ரேமிலேயே இருக்கும் கோப்பமைப்பைச் சேர்ந்தது. அது பஃப்/கேஷ் கணக்குக்குள் சேர்ந்து தெரியும். ஆனால் அந்தக் கோப்புகளை அழித்தால்தான் அந்த இடம் திரும்பும், அல்லது ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்துக்கு) போக வேண்டும். தானாக விடுபடாது. டிஎம்பிஎஃப்எஸ் அளவை நாம் சொல்லாவிட்டால் ரேமில் பாதி வரை வளர அதற்கு அனுமதி உண்டு. ரிப்போர்ட் பிடிஎஃப்களை அங்கே எழுதிவிட்டு அழிக்க மறக்கும் புரோகிராம் ஒன்று இருந்தால், சில வாரங்களில் பல ஜிபி காணாமல் போயிருக்கும்.

அடுத்தது "விஎம்ஸ்டாட் 5". ஐந்து நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரி சர்வர் ஆன் ஆனதிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே "எஸ்ஐ", "எஸ்ஓ" என்ற இரண்டு பத்திகளைக் கவனியுங்கள். ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் ஸ்வாப்புக்கு வெளியே போவதும் அவைதான். ஸ்வாப்பில் 1 ஜிபி கிடந்தாலும் இந்த இரண்டும் 0 என்றே ஓடினால் கவலை இல்லை. எப்போதோ ஓரங்கட்டிய, யாரும் தொடாத பக்கங்கள் (ரேமின் சிறு துண்டுகள்) அங்கே கிடக்கின்றன, அவ்வளவுதான். இரண்டிலும் நூற்றுக்கணக்கில் எண் வந்துகொண்டே இருந்தால்தான் உண்மையிலேயே நெருக்கடி.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 4.20 முதல் இதைவிடத் தெளிவான அளவீடு ஒன்று இருக்கிறது. "ப்ராக்" அடைவில் "ப்ரெஷர்" அடைவைத் திறந்தால் "மெமரி" என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் "சம்", "ஃபுல்" என்று இரண்டு வரிகள். ரேமுக்காகக் குறைந்தது ஒரு புராசஸாவது (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) காத்திருந்த நேரம் எத்தனை சதவீதம் என்று முதல் வரி சொல்லும். ஓட வேண்டிய எல்லாப் புராசஸும் ஒரே சமயத்தில் காத்துக்கிடந்த நேரத்தை இரண்டாம் வரி சொல்லும். கடைசி 10, 60, 300 நொடிகளின் சராசரி தனித்தனியாக வரும். ஃபுல் வரியில் 0 தவிர வேறு எண் அடிக்கடி தெரிந்தால், பில் போடுகிறவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். சில லினக்ஸ் வகைகளில் இந்தக் கோப்பு வேலை செய்ய, பூட் வரியில் (சர்வர் எழும்போது கர்னலுக்குத் தரும் வரியில்) "பிஎஸ்ஐ=1" என்று சேர்த்து ஒரு முறை ரீபூட் செய்ய வேண்டும்.

எப்போது அளப்பது

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அளந்து ஒரு பயனும் இல்லை. ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம், கல்லூரி என்றால் லேப் தேர்வு நடக்கும் நேரம், இப்படி வேலை உச்சத்தில் இருக்கும்போது உள்ள எண்தான் எண். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வியாபாரம் பார்க்கிறவர்களுக்கு முகூர்த்த நாளில் விடியற்காலையே உச்சம். பேக்கப்பை இரவு 3 மணிக்கு வைப்பது எல்லா இடத்திலும் வழக்கம், ஆனால் இவர்களுக்கு அதுவே மிக மோசமான நேரம். முதலில் கடையின் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்களே விழித்திருந்து பார்க்க வேண்டியதில்லை. "சிஸ்ஸ்டாட்" தொகுப்பை நிறுவினால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தானாகப் பதிவு செய்யும். டெபியன், உபுண்டுவில் நிறுவிய பிறகு, "இடிசி" அடைவில் "டிஃபால்ட்" அடைவுக்குள் உள்ள அதன் அமைப்புக் கோப்பில் "எனேபிள்டு" என்பதை "ட்ரூ" ஆக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் பதிவே இருக்காது. பிறகு "சார் -ஆர்" ரேம் பயன்பாட்டையும், "சார் -டபிள்யூ" (பெரிய எழுத்து) ஸ்வாப் போக்குவரத்தையும் நேரவாரியாகக் காட்டும். குறைந்தது ஒரு முழு வாரப் பதிவு சேரட்டும்.

கர்னல் பதிவையும் பாருங்கள். "ஜர்னல்சிடிஎல் -கே" வெளியீட்டில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடினால், ரேம் தீர்ந்துபோய்க் கர்னல் எந்தப் புராசஸைக் கொன்றது என்று தேதியோடு இருக்கும். "மரியாடிபி அடிக்கடி தானா நின்னுபோகுது" என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் இங்கேதான். கர்னல் பொதுவாக அதிக ரேம் பிடித்திருப்பதையே கொல்லும். டேட்டாபேஸ்தான் அதிகம் பிடித்திருக்கும் என்பதால், தப்புச் செய்தது பிஎச்பியாக இருந்தாலும் அடி டேட்டாபேஸுக்குத்தான் விழும்.

யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள்

"டாப்" காட்டும் "ரெஸ்" (ஒவ்வொரு புராசஸும் பிடித்திருக்கும் ரேம்) பத்தியைக் கூட்டினால் தப்பான விடை வரும். அறுபது பிஎச்பி புராசஸ்கள் ஒரே நூலகக் கோப்புகளையும் ஒரே ஆப்கேஷையும் (தொகுத்த பிஎச்பி நிரலின் கேஷ்) பகிர்ந்துகொள்ளும். ரெஸ் அந்தப் பொதுப் பகுதியை அறுபது தடவை எண்ணிவிடும். "எஸ்மெம்" என்ற கருவியின் "பிஎஸ்எஸ்" பத்தி, பொதுப் பகுதியைப் பங்கிட்டுக் கணக்கிடும். கூட்டுவதற்கு அதுவே சரியான எண்.

எல்லாவற்றையும் கூட்டியும் சில ஜிபி இடித்தால் "ஸ்லாப்டாப்" பாருங்கள். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள சர்வரில் கோப்புப் பெயர்களுக்கான கேஷ் மட்டும் பெரிதாக வளர்ந்திருக்கும். அதுவும் தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும் வகைதான். எனவே எண்ணைத் தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பட்ஜெட் போடுங்கள்

இதுதான் இந்த வேலையின் மையம். ஒவ்வொரு மென்பொருளும் தான் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ரேம் கேட்கும். எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு என்று ஒரு தாளில் எழுத வேண்டியது நீங்கள். 32 ஜிபி பெட்டியில் கர்னலுக்குப் போக சுமார் 31 ஜிபி கைக்கு வரும். அதை இப்படிப் பிரிக்கலாம்:

- இயங்குதளம், எஸ்எஸ்எச், லாக் சேவைகள்: 2 ஜிபி
- பேஜ் கேஷுக்கு விட வேண்டியது: 4 ஜிபி
- மரியாடிபி பஃபர் பூல் (டேட்டாபேஸ் தன் தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) 12 ஜிபி. அதன் நிர்வாகச் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, ஆக 13.2 ஜிபி
- டேட்டாபேஸ் இணைப்புகள், 100 பேருக்குத் தலா 5 எம்பி: 0.5 ஜிபி
- பிஎச்பி 60 புராசஸ், தலா 80 எம்பி: 4.8 ஜிபி
- ரெடிஸ் 2 ஜிபி, அது டிஸ்க்கில் எழுதும் நேரத்துக்கு இன்னொரு 1 ஜிபி
- பேக்கப்: 1 ஜிபி

கூட்டினால் 28.5 ஜிபி. மீதி இரண்டரை ஜிபி எதிர்பாராததற்கு. அதையும் எடுத்துப் பஃபர் பூலில் போடத் தோன்றும். விட்டுவிடுங்கள். 80 எம்பி, 5 எம்பி என்பவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் எண்களை எஸ்மெம்மில் உச்ச நேரத்தில் எடுத்துப் போட வேண்டும்.

மரியாடிபி

நிறுவியபடியே விட்டால் இன்னோடிபி (மரியாடிபியின் சேமிப்புப் பகுதி) பஃபர் பூல் வெறும் 128 எம்பி. 32 ஜிபி சர்வர் வாங்கி 128 எம்பியில் டேட்டாபேஸ் ஓட்டும் இடங்கள் நிஜமாகவே உண்டு. டேட்டாபேஸுக்கு மட்டும் தனி சர்வர் என்றால் ரேமில் 70 சதவீதம் வரை கொடுக்கலாம். நம்முடையது கூட்டுக் குடித்தனம், 12 ஜிபி போதும். டேட்டாபேஸின் மொத்த அளவே 6 ஜிபி என்றால் 12 கொடுப்பதிலும் பொருள் இல்லை, 7 கொடுங்கள்.

பலன் தெரிய, "ஷோ குளோபல் ஸ்டேட்டஸ்" பட்டியலில் "இன்னோடிபி பஃபர் பூல் ரீட் ரிக்வெஸ்ட்ஸ்", "இன்னோடிபி பஃபர் பூல் ரீட்ஸ்" இரண்டையும் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை குறித்து வித்தியாசம் எடுங்கள். முதலாவது கேட்ட தடவை. இரண்டாவது பூலில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போன தடவை. ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் நல்லது. ஆயிரத்துக்கு ஐம்பது என்றால் பூல் போதவில்லை, அல்லது இன்டெக்ஸ் (விரைந்து தேட உதவும் பட்டியல்) இல்லாத ஒரு கொரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) முழு அட்டவணையையும் துழாவுகிறது. இரண்டாவது சாத்தியத்தை முதலில் சோதியுங்கள். ஒரு இன்டெக்ஸ் போடுவது ரேம் வாங்குவதைவிட மலிவு.

சார்ட் பஃபர் (வரிசைப்படுத்தும் ரேம்), ஜாயின் பஃபர் (அட்டவணைகளைச் சேர்க்கும் ரேம்) இரண்டையும் 64 எம்பி, 128 எம்பி என்று ஏற்றிவிடுவது இன்னொரு பரவலான தப்பு. இவை மொத்த சர்வருக்கு அல்ல, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. ஒரே கொரியில் பல ஜாயின் இருந்தால் ஜாயின் பஃபர் அத்தனை முறை ஒதுக்கப்படலாம். இயல்பு அளவையே விட்டுவிடுங்கள். உச்ச நேரத்தில் உண்மையில் எத்தனை இணைப்பு வருகிறது என்று பார்த்து, அதைவிடச் சற்று அதிகமாக மட்டும் "மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்" வையுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. "ஷேர்டு பஃபர்ஸ்" ரேமில் கால் பங்கு போதும், மீதிக்கு அது பேஜ் கேஷையே நம்பும். கவனம் வேண்டியது ஒவ்வொரு சார்ட்டுக்கும் கிடைக்கும் ரேமான "வொர்க் மெம்". இயல்பு 4 எம்பி. அதை 64 எம்பி ஆக்கினால், நூறு இணைப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு சார்ட் என்று வைத்தாலே 12.8 ஜிபி. பெரிய ரிப்போர்ட் எடுக்கும் பயனருக்கு மட்டும் ஏற்றிக் கொடுங்கள். ஷேர்டு பஃபர் 8 ஜிபியைத் தாண்டினால் ஹியூஜ் பேஜஸ் (பெரிய ரேம் பக்கங்கள்) போடுவது நல்ல பலன் தரும். சாதாரணப் பக்கம் 4 கேபி, அதற்கு அட்டவணையில் 8 பைட். 8 ஜிபி முழுவதையும் தொடும் ஒரு புராசஸுக்குப் பக்க அட்டவணை மட்டும் 16 எம்பி, நூறு புராசஸுக்கு 1.6 ஜிபி. 2 எம்பி பக்கங்களாக மாற்றினால் அந்தச் செலவு ஏறக்குறைய மறைந்துவிடும்.

பிஎச்பி, ரெடிஸ், ஜாவா

பிஎச்பி-எஃப்பிஎம்மில் "மேக்ஸ் சில்ட்ரன்" (அதிகபட்சப் புராசஸ்) எண்ணைப் பட்ஜெட்டிலிருந்து எடுங்கள்: ஒதுக்கிய ரேமை ஒரு புராசஸின் பிஎஸ்எஸ்ஸால் வகுத்தால் வருவது அது. லாக்கில் அந்த வரம்பைத் தொட்டுவிட்டதாக எச்சரிக்கை வந்தால் உடனே ஏற்றாதீர்கள். பெரும்பாலும் மெதுவான கொரி ஒன்று புராசஸ்களைப் பிடித்து வைத்திருக்கும். "மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்" 500 என்று வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாக ரேம் கசியும் நூலகம் இருந்தாலும் புராசஸ் அவ்வப்போது புதிதாகப் பிறந்து கசிவு தீரும்.

ரெடிஸுக்கு 64 பிட் கணினியில் இயல்பாக வரம்பே கிடையாது. "மேக்ஸ்மெமரி" 2 ஜிபி என்று கட்டாயம் வையுங்கள். வரம்பு வைத்து, எதை நீக்குவது என்று சொல்லாவிட்டால் நிரம்பியதும் எழுத மறுத்துப் பிழை தரும். வெறும் கேஷ் என்றால் "ஆல்கீஸ்-எல்ஆர்யூ" (நெடுநேரம் தொடாததை நீக்குவது) சரி. லாகின் செஷனும் அதில் இருந்தால் வரம்பை அதற்கு ஏற்பத் தாராளமாக வையுங்கள், இல்லையேல் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே லாகின் போய்விடும். டிஸ்க்கில் சேமிக்க ரெடிஸ் தன்னைப் பிரதி எடுக்கும். அந்த நேரத்தில் மாறும் பக்கங்கள் மட்டும் இரண்டாக நகலாகும். டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜஸ் (கர்னல் தானாகவே பெரிய பக்கம் தருவது) "ஆல்வேஸ்" என்று இருந்தால் 4 கேபிக்குப் பதில் 2 எம்பியாக நகலாகி ரேம் சட்டென்று வீங்கும். அதை "எம்அட்வைஸ்" என்று மாற்றுங்கள்.

ஜாவாவில் நாம் சொல்லாவிட்டால் ஹீப் (புரோகிராமின் தரவு இருக்கும் ரேம்) உச்சம் ரேமில் கால் பங்கு. ஹீப் மட்டுமே ஜாவாவின் முழுச் செலவு அல்ல. திரெட் ஒவ்வொன்றுக்கும் 1 எம்பி வரை ஸ்டாக், மெட்டாஸ்பேஸ், நேரடி பஃபர் எல்லாம் வெளியே. 4 ஜிபி கன்டெய்னரில் (ரேம் வரம்போடு தனியாக ஓட்டும் சூழலில்) ஹீப்பை 4 ஜிபி வைத்தால் கன்டெய்னர் செத்துவிடும், 2.5 ஜிபி வையுங்கள்.

ஸ்வாப்பும் ராத்திரி பேக்கப்பும்

ஸ்வாப்பை முழுதாக அணைப்பது புத்திசாலித்தனம் அல்ல. 4 ஜிபி இருக்கட்டும், "ஸ்வாப்பினெஸ்" (கர்னல் ஸ்வாப்பை நாடும் அளவு) இயல்பான 60லிருந்து 10க்கு இறக்குங்கள். யாரும் தொடாத பக்கங்கள் போக இடம் வேண்டும். 2 ஜிபி, 4 ஜிபி வாடகை விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) என்றால் "இசட்ரேம்" போடலாம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும், கொஞ்சம் சிபியு செலவாகும், டிஸ்க் ஸ்வாப்பைவிடப் பல மடங்கு வேகம்.

"காலையில கடை திறந்த முதல் ஒரு மணி நேரம் மட்டும் மெதுவா இருக்கு" என்று சொன்னால் பேக்கப்பைச் சந்தேகப்படுங்கள். அது 200 ஜிபி கோப்புகளை ஒரு முறை படித்துப் பேஜ் கேஷை நிரப்பிவிடும், பகலில் தேவையானது வெளியே போய்விடும். பேக்கப்பை "சிஸ்டம்டி-ரன்" (ஒரு வேலையை வரம்பு போட்டு ஓட்டும் கட்டளை) மூலம் "மெமரிஹை" 1 ஜிபி வரம்போடு ஓடவிடுங்கள். அந்தப் பேக்கப் படிக்கும் கோப்புகளின் கேஷும் அந்த 1 ஜிபிக்குள்ளேயே கணக்காகும் என்பதால் மற்றவர்களின் கேஷ் தப்பும். "மெமரிமேக்ஸ்" என்று வைத்தால் வரம்பை மீறும்போது பேக்கப் கொல்லப்படலாம், எனவே இந்த வேலைக்கு "ஹை"தான் பொருத்தம்.

கரண்டும் வெயிலும்

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் யுபிஎஸ் தீர்ந்து சர்வர் சட்டென்று அணைந்தால், டேட்டா பழுதாவது ஒரு பக்கம், கேஷ் போவது இன்னொரு பக்கம். மரியாடிபி முறையாக நிற்கும்போது பூலில் அண்மையில் பயன்பட்ட பக்கங்களின் பட்டியலைக் கோப்பில் எழுதி, மறுபடி எழும்போது அவற்றைத் தானே ஏற்றிக்கொள்ளும். திடீரென்று அணைந்தால் பட்டியல் எழுதப்படாது. யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் சர்வரோடு இணைத்து யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் "நட்" மென்பொருளைப் போடுங்கள். சர்வர் முழுதாக நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, பேட்டரியில் அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்த ஆரம்பிக்கும்படி அமையுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்ற சின்ன அறையில் ரேமும் சுடும். டிடிஆர்4 (ரேமில் ஒரு தலைமுறை) சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதை இரண்டு மடங்கு அடிக்கடி ரிஃப்ரெஷ் செய்ய (தரவு அழியாமல் புதுப்பிக்க) வேண்டும், அந்த நேரமெல்லாம் டேட்டா நகராது. சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். ரேமுக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் காற்று மறைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூடாதீர்கள். மில் பகுதியில் இருப்பவர்கள் பஞ்சுத் துகள் அடைத்த முன்பக்கத்தை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

இத்தனைக்கும் பிறகும் உச்ச நேரத்தில் எஸ்ஐ, எஸ்ஓ ஓடினால் ரேம் வாங்குங்கள். "டிஎம்ஐடீகோட் -டி மெமரி" எந்த ஸ்லாட்டில் என்ன இருக்கிறது, வகை, வேகம், இப்போது ஓடும் வேகம் எல்லாம் காட்டும். அந்த வெளியீட்டை அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள்.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். சிறு நிறுவனங்களில் உள்ள டவர் சர்வர்கள் பலவும் ஜியான் இ (இன்டெலின் ஒரு சிபியு) வகை. அவற்றுக்கு இசிசி யூடிம் (பிழை திருத்தும் ஒரு ரேம் வகை) வேண்டும். பெரிய சர்வரிலிருந்து கழற்றிய ஆர்டிம் என்ற வேறு வகை ரேம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இதில் பூட்டே ஆகாது. இரண்டையும் கலக்கவும் முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள் என்றாலும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தித் திணிக்காதீர்கள்.

இரண்டாவது, சேனல் (சிபியுவுக்கும் ரேமுக்கும் இடையிலான தனிப்பாதை) கணக்கு. எட்டு சேனல் உள்ள எபிக் (ஏஎம்டி சிபியு) சர்வரில் 128 ஜிபி வேண்டுமென்றால் 64 ஜிபி இரண்டு வாங்குவதைவிட 16 ஜிபி எட்டு வாங்குங்கள். டிடிஆர்4-3200 ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனலில் 51.2 கிடைக்கும், எட்டில் 204.8. பின்னால் விரிவாக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 32 ஜிபியில் எட்டு. இரண்டு சிபியு உள்ள பெட்டியில் இரண்டு பக்கமும் சமமாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கச் சிபியு ஒவ்வொரு முறையும் தாண்டி வந்து எடுக்க வேண்டும்.

பவர் கேபிளை உருவி, கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டை கட்டி, இரண்டு ஓரக் கொக்கியும் "கிளிக்" என்று விழும்வரை அழுத்துங்கள். பிறகு மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும். பழைய ரேம் வாங்கினால் இதைத் தவிர்க்கவே கூடாது. "ராஸ்டீமன்" நிறுவி வைத்தால் இசிசி திருத்திய பிழைகளை ஸ்லாட் வாரியாக எண்ணும். ஒரே ஸ்லாட்டில் எண் ஏறிக்கொண்டே போனால் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் அந்த ஸ்டிக்கை மாற்றுங்கள்.

கடைசியாக, டிஎம்ஐடீகோட் மறுபடி ஓட்டி எதிர்பார்த்த வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு சேனலில் இரண்டு ஸ்டிக் போட்டால் சில போர்டுகள் வேகத்தைக் குறைத்துவிடும். பட்ஜெட் தாளைத் திருத்தி, பஃபர் பூலையும் மேக்ஸ் சில்ட்ரனையும் புது அளவுக்கு ஏற்றுங்கள், ஒரு நாளுக்கு ஒன்றாக. இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் 64 ஜிபி பெட்டியிலும் மரியாடிபி பழைய 12 ஜிபியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.